வளனின் கீழ்ப்படிதல்: தேம்பாவணி குறித்து ஒரு சிந்தனை

நற்செய்தி நூல்கள் நான்கிலும் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லேனும் இல்லை. கனவில் வானதூதர் அறிவிக்கிறார். அவர் விழித்தெழுந்து அவ்வண்ணமே செய்கிறார். மத்தேயு காட்டும் சூசை இவ்வளவே. இம்மௌனியைத் தலைவராகக் கொண்டு, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியை வீரமாமுனிவர் 1726-இல் இயற்றினார். பேசாதவரைப் பற்றி இத்துணை விரிவாகப் பேசும் இக்காப்பியம், அவருடைய வாழ்வின் உயிர்நாடியாகிய கீழ்ப்படிதலை நமக்கு விளக்குகிறதா, அன்றி மறைக்கிறதா?

தந்தை சொல்லுக்காக அரசைத் துறந்து கானகம் ஏகிய இராமனைக் கம்பர் முன்னரே பாடியிருந்தார். கம்பரைத் தோய்ந்து கற்ற முனிவரும் நாட்டுப் படலம், நகரப் படலம் என அம்மரபிலேயே காப்பியத்தைத் தொடங்குகிறார். ஆனால், இராமனுக்குத் துறப்பதற்கு ஓர் அரசு இருந்தது. தாவீதின் குலத்தவராயினும், வளனுக்கு இருந்தவை தச்சுத் தொழிலும் நேர்மையாளர் என்னும் நற்பெயருமே. இறைவன் கேட்டது அந்த நற்பெயரைத்தான். உழைத்து உண்ணும் ஓர் எளிய மனிதரின் பணிவு பெருங்காப்பியத்திற்குரிய வீரம் என்று முனிவர் துணிந்தது தமிழுக்குப் புதுமையன்றோ?

இத்துணிவு சிறந்து விளங்கும் இடம் ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும் ஆகும். மத்தேயு சில வரிகளில் கடந்துவிடும் கலக்கத்திற்கு முனிவர் இரு படலங்களை ஒதுக்குகிறார். மரியன்னையின் தூய்மையையும் மறுக்க இயலாமல், கண்கூடாகக் கண்டதையும் மறுக்க இயலாமல் வளன் தவிக்கிறார். ஐயமே எழாத உள்ளத்தின் கீழ்ப்படிதலுக்கு விலையில்லை. தவிப்பினூடே பிறந்த இசைவு என்பதாலேயே வளனின் பணிவு நம்மைத் தொடுகிறது.

எனினும், ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எகிப்துப் பயணத்தில் பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள் கிளைக்கதைகளாக விரிகின்றன. அவற்றின் அழகில் மயங்கும் நாம், பயணத்தின் அச்சத்தை மறந்துவிடுகிறோம். நற்செய்தியிலோ சூசைக்கு முழு வழியும் காட்டப்படவில்லை. அடுத்த அடி மட்டுமே சொல்லப்படுகிறது. எகிப்தில் எத்தனை நாள் தங்குவது என்பதும் அவருக்குத் தெரியாது. திரும்பி வரும்போதும், யூதேயாவில் அர்க்கெலாவு ஆள்வதை அறிந்து அஞ்சுகிறார். அதன்பின் கனவில் எச்சரிக்கப்பெற்றுக் கலிலேயாவுக்குச் செல்கிறார். கீழ்ப்படிந்தவர் தம் அறிவை மூடி வைத்துவிடவில்லை. காப்பியத்தின் அணிகளுக்கிடையே இந்த இருளும் விழிப்பும் மங்கிவிடுகின்றன.

இது நமக்கும் உரிய செய்தி. இழப்போ நோயோ நேர்ந்தபின், 'எல்லாம் கடவுள் சித்தம்' என்று சொல்லி அமர்ந்துவிடுகிறோம். சூசையோ இறைவிருப்பத்தை அறிந்தவுடன் எழுகிறார். இரவென்றும் பாராமல் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். அந்தக் கீழ்ப்படிதல் ஏரோதின் ஆணைக்கு எதிரானதாகவும் இருந்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அதிகாரம் உள்ளவர் எவர் சொன்னாலும் தலையசைப்பதே விசுவாசம் என்று கற்பிப்போர், பச்சிளங் குழந்தைகளைக் கொல்லச் சொன்னவனும் ஓர் அரசனே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இறைவனுக்குப் பணிதல், சில வேளைகளில் மனிதருக்குப் பணிய மறுத்தலேயாகும்.

கம்பர் காப்பியத்தைப் போலவே தேம்பாவணியும் முடிசூட்டோடு நிறைவு பெறுகிறது. ஆனால், இராமன் துறந்த முடியை மண்ணிலேயே மீண்டும் பெறுகிறான். வளன் மண்ணில் தச்சராகவே கண்மூடுகிறார். அவருக்குரிய முடி விண்ணில் சூட்டப்படுகிறது. பலனைக் காணாமலே கடமையை முடித்த அவ்வாழ்வை மனத்தில் இருத்தித் தேம்பாவணியைப் படிப்போமாயின், அணிகளுக்குப் பின்னே அமைதியாக நிற்கும் அந்தத் தச்சரை நாம் கண்டுகொள்ளலாம்.