இரண்டு புள்ளிகளின் அழகு

வாளையாரில் கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதுபோன்ற ஓர் ஆலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சுண்ணாம்புக்கல் அரைக்கும் மில், ப்ரீஹீட்டர் கோபுரம், மெல்ல உருளும் சூளை. உள்ளே பொருள் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். எங்கு பார்த்தாலும் உணர்கருவிகள், ஓயாமல் எண்கள்.

முன்பு ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு டேக் பெயர்தான். பெயர் வைத்தவர் ஓய்வுபெற்றால் பொருளும் அவரோடு போய்விடும். இப்போது பை அசெட் ஃப்ரேம்வொர்க் (PI Asset Framework) போன்ற, மரம்போல் கிளைகளாக அடுக்கிய தரவுத்தளத்தில் அதையே இப்படி ஒரு பாதையாக எழுதுவார்கள்:

\\சர்வர்\வாளையார்\சூளை\எரிமண்டலம்|வெப்பநிலை

சர்வருக்குப் பின் வரும் ஒவ்வொரு சாய்கோடும் ஒரு படி உள்ளே இறக்குகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நெடுங்கோடு (|). இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் அதன் பண்பு. ஆறாம் வேற்றுமைப் பொருளில் நாம் சேர்க்கும் 'இன்' செய்யும் வேலையை ஒரே கோடு செய்துவிடுகிறது.

இந்த இறங்குமுறை நமக்குப் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் வளநாடு, அதனுள் நாடு, அதனுள் ஊர் என்று வரும். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரமும் பதிவு மாவட்டத்தில் தொடங்கி சர்வே எண் வரை இறங்கும். கல்லில் எழுதியவர் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லவில்லை. 'இந்நாட்டு', 'இவ்வூர்' என்று சுருக்கினார். அந்தச் சுட்டெழுத்தின் வேலையைத்தான் தரவுத்தளப் பாதையில் புள்ளிகள் செய்கின்றன. ஒரு புள்ளி, நிற்கும் இடம். இரண்டு புள்ளி, ஒரு படி மேலே.

..\மோட்டார்|மின்னோட்டம்

மில்லின் தாங்கியில் (பேரிங்) நின்றுகொண்டு, 'நான் இருக்கும் மில்லின் மோட்டார்' என்று கேட்பது இது. எல்லா மில்லுக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில் ஒருமுறை எழுதினால் போதும். பத்து மில்லுக்கும் பொருந்தும். முழுப் பாதையை எழுதிவிட்டு முதல் மில்லை நகலெடுத்து இரண்டாவதை உருவாக்கினால், இரண்டாவது மில் முதல் மில்லின் மின்னோட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். பிழைச்செய்தி வராது, எண்ணும் நம்பும்படியே இருக்கும். அதுதான் ஆபத்து.

அதற்காகப் புள்ளிகளை அடுக்கிக்கொண்டே போவதும் சரியல்ல. நான்கு படி ஏறி வேறு கிளையில் இறங்கும் பாதை, நடுவில் ஒரு விசிறியை மரத்தில் இடம் மாற்றினால் அறுந்துபோகும். இரண்டு படிக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் மரத்தையே திருத்தி அமைப்பது நல்லது என்பது என் எண்ணம்.

நல்ல பாதையை இரவு ஷிப்டில் இருப்பவர் வாய்விட்டே படிக்கலாம்: வாளையார், சூளை, எரிமண்டலம், வெப்பநிலை.