அடம்பிடிக்காத திசு

மருந்தியல் செய்முறை வகுப்பைக் கணினிக்கு மாற்றியதால் எதுவும் குறைந்துவிடவில்லை என்போர், ஒரே ஆதாரத்தைத்தான் திரும்பத் திரும்ப முன்வைக்கிறார்கள்: திரையில் கற்றவர்களும் தேர்வில் அதே மதிப்பெண் வாங்குகிறார்கள். வாங்கத்தான் செய்வார்கள். அந்தத் தேர்வு, திசுவின் சுருக்கத்தைக் காட்டி வரைந்து கிடக்கும் கோட்டைப் படிக்கத் தெரியுமா என்று பார்க்கிறது. அந்தக் கோட்டை வரவழைக்கத் தெரியுமா என்று கேட்பதே இல்லை.

உயிர்கள் தப்பியது பெரிய நன்மை. விடை முன்பே தெரிந்த சோதனைக்காக ஆண்டுதோறும் தவளைகளைக் கொன்றது நியாயமே இல்லை. முயல் கண்ணில் மருந்து என்ன செய்யும் என்பதைக் காட்ட, புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் போன்ற மென்பொருள் போதும்.

ஆனால் திரையில் உள்ள குடல் துண்டு அடம்பிடிப்பதில்லை. திசுவை உயிர்ப்போடு வைத்திருக்கும் ஆர்கன் பாத் தொட்டியில் தொங்கும் உண்மையான துண்டு அடம்பிடிக்கும். கட்டும்போது கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் சுருங்காது. தொட்டியின் சூடு 37 டிகிரியிலிருந்து இறங்கினால் சோர்ந்துவிடும். முந்தைய மருந்தைச் சரியாகக் கழுவாமல் அடுத்த அளவைச் செலுத்தினால் பதில் தாறுமாறாகும். தொட்டியில் ஊற்றும் உப்புக் கரைசலான டைரோடு கரைசலைத் தயாரிக்கையில் கால்சியம் குளோரைடை அவசரப்பட்டு முதலிலேயே கொட்டினால் கரைசல் கலங்கிப்போகும். ஏற்ற இறக்கத்தைத் தானே சேர்த்துத் தரும் மென்பொருளும் உண்டு என்பார்கள். அந்த ஏற்ற இறக்கம் நிரல் எழுதியவர் வைத்தது, மாணவரின் கை செய்தது அல்ல. தன் கை செய்த பிழையைத் தேடிப் பிடிப்பதுதான் இங்கே பாடம்.

அப்படிப் பிழையைத் தேடிப் பிடித்த ஆங்கில மருத்துவர் சிட்னி ரிங்கரின் கதை மருந்தியல் படித்த எல்லாருக்கும் தெரியும். தவளை இதயத்தைத் துடிக்கவைத்த கரைசலுக்கு, காய்ச்சி வடித்த நீர் என்று நம்பி அவர் பயன்படுத்தியது லண்டன் குழாய்த் தண்ணீர். உண்மையிலேயே வடித்த நீரில் கரைசலைத் தயாரித்தபோது இதயம் விரைவிலேயே ஓய்ந்தது. ஏன் என்று துருவியவர் 1883-ல் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியத்தில் வந்து நின்றார். வடித்த நீரைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் மட்டும் இருந்திருந்தால் அந்தத் தேடலுக்கு இடமே இருந்திருக்காது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது நீர்த்தல் கணக்கு. செறிவான ஸ்டாக் கரைசலிலிருந்து பத்து மடங்கு, நூறு மடங்கு என்று தன் கையால் நீர்க்கச் செய்து பார்க்காதவர் நாளை வார்டில் நிற்பார். 1:1000 அட்ரினலினில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். 1:10,000-ல் அதில் பத்தில் ஒரு பங்கு. திரையில் அளவு தயாராக வந்து நிற்கிறது, மாணவர் சொடுக்குகிறார். ஒரு சுழியம் பிசகினால் என்ன ஆகும் என்பதை அவர் கை ஒருபோதும் அறிந்ததில்லை. இதைக் கற்பிக்காத வகுப்பைச் செய்முறை வகுப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கணினியா, கொலையா என்று இரண்டே வழி இருப்பதுபோல் பேசுவதுதான் பெரிய தவறு. கறிக்கடையில் கழிவாகப் போகும் கோழிக்குடலும் ஆட்டு மூச்சுக்குழலும் ஆர்கன் பாத்தில் நன்றாக வேலை செய்கின்றன. அதற்காக ஒரு உயிரும் கூடுதலாகப் போவதில்லை. காலையில் வெட்டியதும் குளிர்ந்த டைரோடு கரைசலில் போட்டு எடுத்துவர ஒரு ஆளும், காற்று செலுத்த ஒரு பம்ப்பும், திசு சுருங்காத நாளில் மாணவருடன் மூன்று மணி நேரம் நிற்க ஓர் ஆசிரியரும் வேண்டும்.