போனை எடுத்தவர்

2012 டிசம்பர் முதல் வாரத்தில் நண்பர் ஒருவர் அனுப்பிய ஒலித்துண்டை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன சார், தனியா சிரிக்கிறீங்க?" என்றார். அவருக்கும் போட்டுக் காட்டினேன், அவரும் சிரித்தார். அந்த வார இறுதியில் அதே துண்டைப் பற்றிய அடுத்த செய்தி வந்தது. இந்தக் கட்டுரையில் யார் யாரையோ விசாரிக்கப் போகிறேன் என்பதால், என் சிரிப்பையும் கணக்கில் எழுதிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

விஷயம் பலருக்கு நினைவிருக்கும். இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரின் கர்ப்பகாலக் கடும் வாந்தியால் லண்டனில் கிங் எட்வர்டு 7 மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். டிசம்பர் 4ஆம் தேதி, லண்டனில் விடிகாலை சுமார் ஐந்தரை மணிக்கு, ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து 2டே எஃப்எம் வானொலியின் தொகுப்பாளர்கள் இருவர் அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தார்கள். மெல் கிரெய்க் எலிசபெத் ராணியாகவும் மைக்கேல் கிறிஸ்டியன் இளவரசர் சார்லஸாகவும் பேசினார்கள். பின்னணியில் ராணியின் நாய்கள் குரைப்பதுபோல ஓர் ஆள் குரைத்தார். அந்த நேரத்தில் ரிசப்ஷனில் ஆள் இல்லை. நைட் டியூட்டி நர்ஸ் ஒருவர் போனை எடுத்து, வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். வார்டில் இருந்த இன்னொரு நர்ஸ் நோயாளியின் நிலையை விவரமாகச் சொன்னார். பதிவு செய்யப்பட்ட அந்த உரையாடல் பிறகு ஒலிபரப்பானது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 7 அன்று, போனை எடுத்துக் கொடுத்த நர்ஸ் இறந்துகிடந்தார். தற்கொலை என்று பின்னர் விசாரணையில் முடிவானது. கர்நாடகத்தின் கரையோரப் பகுதியிலிருந்து போனவர். வயது 46. கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது உலகத்துக்கே தெரிந்துபோனதுதான் அவருக்கு நேர்ந்தவற்றில் ஒன்று.

முதலில் அந்த அழைப்பை ஒரு படைப்பாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். நகைச்சுவை என்று சொல்லித்தானே ஒலிபரப்பினார்கள். அதில் நடிப்பு படுமோசம். உச்சரிப்பு நாடகத்தனமாக இருக்கிறது. அதை அவர்களே மறுக்கவில்லை. எடுத்தவுடனே போனை வைத்துவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தோம் என்று பின்னாளில் பேட்டியில் சொன்னார்கள். நான் அதை நம்புகிறேன். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் திட்டமிட்டது தோல்வியில் முடிய வேண்டிய ஒரு ஜோக். இரண்டு கோமாளிகள் ராணி குரலில் பேசிப் பார்க்கிறார்கள், எதிர்முனை "போய்யா" என்று வைத்துவிடுகிறது, நேயர்கள் கோமாளிகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்படி நடந்திருந்தால் சிரிப்புக்கு இலக்கு தொகுப்பாளர்கள்தான்.

ஆனால் எதிர்முனை நம்பிவிட்டது. அந்த நொடியில் ஜோக் தலைகீழாகிறது. இனி சிரிப்பு கோமாளிகளின் மோசமான நடிப்பைப் பற்றியதல்ல, அதைக்கூட நம்பிய ஒரு மனுஷியைப் பற்றியது. குரல் எவ்வளவு மோசமோ, நம்பியவருக்கு அவ்வளவு அவமானம். எழுதியவர்களே எதிர்பார்க்காத ஒரு நாடகம் கையில் வந்து விழுந்திருக்கிறது. நல்ல கலைஞன் இங்கே கொஞ்சம் நின்றிருப்பான். நாம் செய்ய நினைத்தது ஒன்று, கிடைத்திருப்பது வேறு, இதை என்ன செய்வது என்று யோசித்திருப்பான். இவர்களுக்கு அது லாட்டரி விழுந்ததுபோலத் தெரிந்தது.

நம் ஊர் எஃப்எம்களில் வரும் பிராங்க் அழைப்புகளை நினைத்துப் பாருங்கள். அவற்றை நான் உயர்த்திப் பேசவில்லை, பாதிக்குமேல் எரிச்சலூட்டுபவைதான். ஆனாலும் அவற்றுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. நண்பனோ மனைவியோ நம்பர் கொடுத்திருப்பார்கள். ஆர்ஜே ஏமாற்றுவார். எதிர்முனைக்குக் கோபம் ஏறும். கடைசியில் "அண்ணே, நாங்க எஃப்எம்லேர்ந்து பேசறோம்" என்பார். எதிர்முனையில் ஒரு நிமிட அமைதி, பிறகு "அடப்பாவிங்களா!" என்று ஒரு சிரிப்பு. அந்தக் கடைசிச் சிரிப்புதான் முழு விளையாட்டுக்கும் அனுமதிச்சீட்டு. அதுவரை தனியாக நின்ற ஆள், சிரிக்கிற கூட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். சேராமல் திட்டிவிட்டு வைத்தால் பதிவு குப்பைக்குப் போக வேண்டும்.

சிட்னி அழைப்பில் அந்தக் கடைசிப் பகுதி இல்லை. அந்த இரு நர்ஸ்களிடமும் அழைப்புக்குள் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. கூட்டத்துக்குள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாமலேயே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. வடிவத்தின் ஒரு கால் முறிந்த பிராங்க் அது. அதற்குப் பெயர் வேறு.

இதற்கு நிலையம் ஒரு பதில் வைத்திருந்தது. ஒலிபரப்பும் முன் மருத்துவமனையைத் தொடர்புகொள்ள ஐந்து முறை முயன்றோம் என்றது. தங்கள் நிர்வாகத்தில் யாரிடமும் பேசவில்லை என்று மருத்துவமனை மறுத்தது. நிலையம் சொல்வதை அப்படியே ஒப்புக்கொண்டு பார்ப்போம். ஐந்து முறை முயன்றார்கள், சம்மதம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? பக்கத்து வீட்டில் ஏணி கேட்க ஐந்து தடவை கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை, அதனால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொன்னால் எந்தத் தெருவில் ஒப்புக்கொள்வார்கள்? கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்த ஐந்து முயற்சிகளே சாட்சி.

இது நேரலை இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நேரலையில் நாக்கு தவறலாம். இது பதிவு. பதிவுக்கும் ஒலிபரப்புக்கும் நடுவே சில மணி நேரம் இருந்தது. சட்ட ஆலோசனை உட்படப் பலர் கைக்கு அது போய் வந்தது. அந்த மணி நேரங்களில், அந்த அறைகளில்தான் விஷயம் முடிவானது, மைக் முன்னால் அல்ல. ஒலிபரப்பும் முன் நர்ஸ்களின் குரலையாவது மாற்றச் சொன்னேன் என்று மெல் கிரெய்க் பின்னால் சொன்னார். அந்த யோசனை மட்டும் நிறைவேறியிருந்தால்கூடக் கதை வேறாக இருந்திருக்கலாம்.

இப்படி ஆகும் என்று யாராலும் நியாயமாக முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது என்று நிறுவனத்தின் தலைமை நிர்வாகி சொன்னார். மரணத்தை ஊகித்திருக்க முடியாது, சரி. அதை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் ஒரு நர்ஸுக்கு நோயாளியின் ரகசியம் வெளியே போவது என்றால் என்ன என்பதை ஊகிக்கத் தீர்க்கதரிசி வேண்டியதில்லை. அது அந்தத் தொழிலின் முதல் பாடம். அதை மீற வைத்து, மீறியதை உலகுக்கே கேட்கச் செய்தால், குறைந்தபட்சம் அந்த ஆள் கூனிக் குறுகுவார், வேலை போய்விடுமோ என்று பயப்படுவார். இவ்வளவையும் ஊகிக்கலாம், ஊகித்திருக்க வேண்டும். இதே நிலையம் 2009இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்து நேரலையில் கேள்வி கேட்டு, தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை அவள் சொல்லும்படி ஆகிவிட்ட நிகழ்ச்சியையும் நடத்தியது. ஒழுங்குமுறை ஆணையம் அதற்காக உரிமத்தில் நிபந்தனை விதித்தது. அதாவது, நமக்கு முன்னால் இருப்பது மனுஷர், கண்டென்ட் அல்ல என்று அந்த நிலையத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை சொல்லப்பட்டிருந்தது.

இன்னொன்று. அழைப்பின் இலக்கு யார்? அரச குடும்பம் என்றார்கள். மேலே இருப்பவர்களைக் கேலி செய்வது நகைச்சுவையின் பழைய கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அரச குடும்பத்துக்கு இதில் என்ன நட்டம்? டிசம்பர் 6 அன்று நிருபர்கள் சார்லஸிடம் மருமகளைப் பற்றிக் கேட்டபோது, நான் ஒரு ரேடியோ ஸ்டேஷன் இல்லையென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவரே ஜோக் அடித்தார். மேலே வீசிய கல் மேலே இருப்பவருக்கு விளையாட்டாகிவிட்டது, விழுந்தது வாசலில் நின்றவர் தலையில். பெரிய இடத்துக்குப் போகும் எந்தப் போனையும் முதலில் எடுப்பது ஒரு சின்ன ஆள்தான். அதுவும் அந்த மருத்துவமனை அரச குடும்பத்தினர் வழக்கமாகப் போகும் இடம், ராணி போன் செய்வது அங்கே நடக்கக்கூடிய விஷயம். நம் தாலுகா ஆபீசில் ராத்திரி டியூட்டியில் இருப்பவருக்கு "கலெக்டர் பேசறேன்" என்று போன் வந்தால் "அடையாள அட்டை காட்டுங்க" என்று கேட்பாரா? "ஐயா, இதோ கனெக்‌ஷன் தர்றேங்கய்யா" என்பார். அந்தப் பணிவைத்தான் அந்த வேலை அவரிடம் எதிர்பார்க்கிறது. அதையே பிடித்து இழுத்து வேடிக்கை காட்டுவது அதிகாரத்தைக் கேலி செய்வது ஆகாது, அதிகாரத்தின் குரலைக் கடன்வாங்கி எளியவரை மிரட்டுவதுதான்.

மரணச் செய்தி வந்ததும் காட்சி மாறியது. சிரித்த கூட்டம் அப்படியே திரும்பி இரண்டு தொகுப்பாளர்கள் மேல் பாய்ந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன, கையில் ரத்தக்கறை என்றார்கள், விளம்பரதாரர்கள் விலகினார்கள். டிசம்பர் 10 அன்று இருவரும் தொலைக்காட்சியில் அழுதார்கள். அந்தப் பேட்டியைப் பார்த்தபோது எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றியது. அழுகை நடிப்பில்லை. ஆனால், ஒலிபரப்பும் முடிவு எங்களுடையதல்ல என்று அவர்கள் சொன்னபோது, அது உண்மையாகவும் இருந்தது, தப்பிக்கும் வழியாகவும் இருந்தது. முடிவெடுத்தவர்கள் கேமராவுக்கு முன் வந்து அழவில்லை. முகம் தெரிந்தவர்கள் பழியை வாங்கினார்கள், முகம் தெரியாதவர்கள் அறிக்கை வெளியிட்டார்கள்.

தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் நாம் சேர்க்கும் வினைகளே வேறு. பழியைப் போடுகிறோம், சுமத்துகிறோம். பொறுப்பை ஏற்கிறோம். பழி வெளியிலிருந்து வருவது, அதற்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும், ஊர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும். பொறுப்பு என்ற சொல்லுக்குள்ளேயே பொறுத்தல், தாங்குதல் இருக்கிறது. அதை இன்னொருவர் தலையில் ஏற்ற முடியாது. இந்த விவகாரத்தில் பழி தாராளமாகக் கிடைத்தது. பொறுப்புக்குத்தான் பஞ்சம்.

பொறுப்பு வேறு மாதிரி நடந்ததும் உண்டு. 2008இல் பிபிசி ரேடியோ 2இல் ரஸ்ஸல் பிராண்டும் ஜோனதன் ராஸும் முதிய நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் போனில் அவர் பேத்தியைப் பற்றி ஆபாசமான செய்திகளை விட்டார்கள். அதுவும் பதிவுதான், அதுவும் மேலிருந்து ஒப்புதல் பெற்றுத்தான் ஒலிபரப்பானது. பிராண்ட் விலகினார், ராஸ் 12 வாரம் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்யப்பட்டார், பிபிசிக்கு 1,50,000 பவுண்டு அபராதம் விழுந்தது. அதைவிட முக்கியம், அந்த வானொலியின் தலைவர் லெஸ்லி டக்ளஸ் தானும் ராஜினாமா செய்தார். மைக்கில் பேசியது அவரல்ல. ஆனால் அவர் வீட்டில் நடந்தது. சிட்னியிலோ நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது, குடும்பத்துக்கான நிதிக்கு 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தரப்பட்டது. அடுத்த ஆண்டே அதே நிறுவனம் தன் உள்போட்டி ஒன்றில் கிறிஸ்டியனுக்கு விருதும் கொடுத்தது.

சட்டம் என்ன செய்தது? பிரிட்டனில் யார் மீதும் வழக்கு வேண்டாம் என்று 2013இல் முடிவானது. மரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்க ஆதாரமில்லை என்றார்கள். அது சரியென்றே நினைக்கிறேன். ஒரு மனுஷர் தன் உயிரை முடித்துக்கொள்வதற்கு ஒரே ஒரு காரணத்தை யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. 2014 செப்டம்பரில் லண்டனில் நடந்த மரண விசாரணையிலும், அந்த அழைப்பு அவர் மனதை அழுத்திக்கொண்டிருந்தது தெளிவு என்ற அளவில்தான் விசாரணை அதிகாரி சொன்னார். ஆஸ்திரேலியாவில் வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. சம்மதமில்லாமல் பதிவுசெய்த தனிப்பட்ட உரையாடலை ஒலிபரப்பியது சட்டமீறல் என்று ஒழுங்குமுறை ஆணையம் முடிவுசெய்தது செல்லும் என்று 2015 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கவனியுங்கள், நீங்கள் கொன்றீர்கள் என்று சட்டம் சொல்லவில்லை. கேட்டீர்களா, சரி என்றாரா என்று மட்டும் கேட்டது. எனக்கு அது குறைவாகத் தெரியவில்லை. முழு விவகாரமும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. அதைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் மரணத்தை யாரும் ஊகிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

அந்த விசாரணைக்கு மெல் கிரெய்க் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். அதனால் எதுவும் சரியாகிவிடாது. ஆனால் பழிக்குப் பயந்து ஒளிவதற்கும், பொறுப்பைச் சுமந்துகொண்டு அந்த அறைக்குள் வந்து உட்காருவதற்கும் உள்ள தூரத்தை அவர் ஒருவர்தான் நடந்து கடந்தார் என்று படுகிறது.

இதை எழுதுவதற்காக அந்த ஒலித்துண்டை மறுபடி கேட்டேன். முதல் தடவை கேட்டதில் ராணிக் குரல் ஞாபகமிருந்தது, நாய் குரைத்தது ஞாபகமிருந்தது, வார்டு நர்ஸ் சொன்ன விவரங்களும் ஓரளவு ஞாபகமிருந்தன. இறந்துபோனவரின் குரல் மட்டும் துளியும் ஞாபகமில்லை. இப்போதுதான் கவனித்தேன், அவர் பேசுவது சில நொடிதான். பேத்தியிடம் பேச வேண்டும் என்று ஒரு கிழவி கேட்கிறாள். சரிங்கம்மா, இருங்க என்கிற மாதிரி மரியாதையாக ஒரு பதில். உடனே இணைப்பு மாறுகிறது.

அன்றைக்கு நான் சிரித்தது அதற்குப் பிறகு வந்த பகுதிக்கு. அவரை நான் கேட்கவே இல்லை.