ஞானஸ்நானப் பரிசாக ஒரு காப்பியம்

புதிதாய் விசுவாசத்துக்குள் வந்தோர்க்கு நூல் பரிசளிப்பது நற்பழக்கமே. ஆயினும் கொடுப்பவரின் ரசனையே பெரும்பாலும் நூலைத் தெரிந்தெடுக்கிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள சிற்றூரில் ஞானஸ்நானம் பெற்ற உழவர் ஒருவருக்கு, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை நாம் அளித்தோம். ஓராண்டு சென்றபின் அது அவர் இல்லத்தில் துணியில் பொதிந்தபடியே இருந்தது. “விளங்கவில்லை, ஐயா. என் விசுவாசம் குறைவோ?” என்றார். குறை நம்முடையதே.

1894இல் வெளிவந்த இக்காப்பியம், 1678இல் ஜான் பனியன் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாண’த்தைத் தழுவியது. வைணவராய்ப் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர், தாம் நேசித்த கம்பனின் நெறியிலேயே இரட்சிப்பைப் பாடினார். அதுவே நூலின் மாண்பு. செய்யுட் பயிற்சியில்லாதார்க்கு அதுவே தடை.

பின்னர் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் அவருடன் அமர்ந்து வாசித்தோம். அதன்பின் காப்பியப் பாடல்கள் சிலவற்றை உரக்கப் படித்துப் பொருள் கூறினோம். தெருக்கூத்தில் தோய்ந்த அவர் செவி அவற்றை உவந்தேற்றது.

ஆதலின் காப்பியத்தை விலக்கவேண்டுவதில்லை. தனியே கொடுத்துவிட்டுப் போகலாகாது. எத்தியோப்பிய மந்திரியின் கையில் ஏசாயாவின் ஆகமம் முன்னமே இருந்தது. பிலிப்பு இரதத்தில் ஏறி உடன் அமர்ந்த பின்னரே அது விளங்கிற்று.