மேலாண் சுவிட்ச்: விவரத்தாள் சொல்வதும் சொல்லாததும்

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர் ஆலந்தலை. அங்கே வலை வாங்குபவர் அதன் நீளத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டமாட்டார். கண்ணி எவ்வளவு, எந்த மீனுக்கு என்றெல்லாம் கேட்பார். ஆனால் அதே ஊரில் ஓர் அலுவலகத்தில் கணிப்பொறிகளை இணைக்க வேண்டுமென்றால், நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை போர்ட்?" கடைக்காரர் தரும் விவரத்தாளும் அதற்கே பெரிய எழுத்தில் விடையளிக்கிறது. அந்தத் தாளைச் சற்று எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில் நிறைகள். ஒவ்வொரு கணிப்பொறியின் இணைப்புக்கும் 48 பிட் முகவரி ஒன்று உண்டு. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் உள்ளது என்பதைக் கற்றுக்கொண்டு, செய்தியை உரிய இடத்திற்கு மட்டும் அனுப்புவது சுவிட்ச். சாதாரண சுவிட்ச் இத்துடன் நின்றுவிடும். மேலாண் சுவிட்சுக்கோ நாம் கட்டளையிடலாம். கணக்குப் பிரிவையும், வந்துபோவோரின் வைஃபையையும் தனித்தனி வலைகளாகப் பிரிக்கலாம்; இதற்கு வி-லேன் என்று பெயர். யாரேனும் ஒரு கேபிளின் இரு முனைகளையும் தவறுதலாக ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், எல்லாருக்குமான செய்தி சுற்றிச்சுற்றிப் பெருகி அலுவலகமே முடங்கும். இத்தகைய வளையத்தை உடைக்கும் முறையை 1985-இல் அமெரிக்கப் பொறியாளர் ரேடியா பெர்ல்மன் வகுத்தார். கூடுதல் பாதையைச் சுவிட்சே அடைத்துவிடுகிறது. இவையெல்லாம் மெய்யான நன்மைகள்.

இனி குறைகள். கேபிள் வழியே கேமராவுக்கு மின்சாரமும் தரும் மாடலைப் பாருங்கள். போர்ட்டுக்கு 30 வாட், 24 போர்ட் என்றால் 720 வாட் வேண்டும். ஆனால் மொத்தமே 370 வாட் தான் என்று கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் போட்டிருக்கும் மாடல்கள் உண்டு. முழுத் திறனில் 12 போர்ட்டுகளுக்கே அது போதும்!

அடுத்தது இடம். அலுவலக மாடல்கள் பலவற்றின் வெப்ப எல்லை 40 அல்லது 45 டிகிரி செல்சியஸ். குளிர்சாதனம் இல்லாத அறையில், மூடிய அலமாரிக்குள் வைத்தால் அந்த எல்லை தொலைவில் இல்லை. கடலோரத்தில் உள்ளிருக்கும் விசிறி உப்புக்காற்றையும் இழுத்து இணைப்புகளை அரிக்கச் செய்யும். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட், கிராமங்களுக்கான தொலைபேசி இணைப்பகத்தைக் குளிர்சாதன அறை தேவைப்படாத வகையில் வடிவமைத்தது. முதலில் ஊரைப் பார்த்தார்கள்; பிறகு பெட்டியைச் செய்தார்கள்.

ஆனால் மிகப் பெரிய குறை பெட்டியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே செருகினால், பெரும்பாலும் எல்லாப் போர்ட்டுகளும் ஒரே வலையில்தான் இருக்கும். பிரிவினை எதுவும் இராது. ஆகவே முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வி-லேன்களைப் பிரியுங்கள். வளையத் தடுப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அமைப்புகளைச் சேமியுங்கள், இல்லையெனில் பல மாடல்களில் ஒரு மின்வெட்டோடு அவை மறைந்துவிடும். படி ஒன்றை வேறிடத்திலும் வையுங்கள்.

"எத்தனை போர்ட்?" என்பதற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, "இதை யார் பார்த்துக்கொள்வார்?" என்பதே. விடை கிடைக்கவில்லையா? சாதாரண சுவிட்சே வாங்குங்கள். மேலாள ஆளில்லாத மேலாண் சுவிட்ச், விலை கூடிய சாதாரண சுவிட்ச் மட்டுமே.