கேட்பவருக்கும் வேலை உண்டு

திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கி ஆரோவில் பக்கம் போனால் இரும்பை. சம்பந்தர் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. தேவாரத் தொண்டை நாட்டுத் தலங்களில் 32ஆவது. பாடல் பெற்ற தலம் என்பதற்காக வருகிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் கேட்டுவிட்டுப் போவது கடுவெளிச் சித்தர் கதையை.

அரசமரத்தடியில் சித்தர் தவமிருக்கிறார். ஊரில் மழையில்லை. அவர் தவத்தின் சூடுதான் காரணம் என்று அரசன் நினைக்கிறான். வள்ளி என்ற நாட்டியப் பெண் தவத்தைக் கலைக்க வருகிறாள். சித்தர் உதிர்ந்த இலையைத்தான் தின்பார் என்று தெரிந்துகொண்டு, நீட்டிய கையில் இலைக்குப் பதில் அப்பளத்தை வைக்கிறாள். கண் திறக்கிறது, மழையும் வருகிறது. பிறகு கோயில் விழாவில் அவள் ஆடும்போது சலங்கை கழன்று விழ, சித்தர் எடுத்துக் கட்டிவிடுகிறார். கூட்டம் சிரிக்கிறது. அவர் சபித்துப் பாட, லிங்கம் வெடிக்கிறது, மண் பொட்டலாகிறது. செப்புத் தகட்டால் பிணைத்த லிங்கம் இன்றும் கருவறையில் இருக்கிறது. கதையைச் சொல்கிறவர் முடிக்கும்போது கையை அந்தப் பக்கம் நீட்டினால் போதும்.

அப்பளம் ஒரு நல்ல கதைசொல்லியின் கைவேலை. பொன்னோ கனியோ அந்த இடத்துக்கு வந்திருந்தால் கதை புராணமாகிப் போயிருக்கும். இதைவிட முக்கியமான சங்கதி அந்தச் சிரிப்பு. சிரித்தவர்கள் ஊர்க்காரர்கள். கேட்கிறவர் நிற்கும் இடமும் அவர்கள் நின்ற இடம்தான். சாபம் யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது சொல்லப்படும் கதைக்கு ஒரு வாலும் உண்டு: பொட்டலாகிப்போன இந்த மண்ணைத் தூர தேசத்து மக்கள் வந்து பசுமையாக்குவார்கள் என்பது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டுத் தொடங்கிய ஆரோவில், மரம் அரிதான செம்மண் மேட்டில் காடு வளர்த்தது. வால் எப்போது முளைத்தது என்று தேடிப் பயனில்லை. கேட்பவர்கள் கூட்டத்தில் புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள், அவர்களுக்கும் கதைக்குள் ஓர் இடம் போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தின் கதைசொல்லும் கலையை ஒட்டுமொத்தமாகப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: இங்கே சும்மா கேட்பவர் என்று ஒருவர் இல்லை. கதை அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடும். கல்யாணத்துக்கு வந்த உறவினர், இழவுக்கு அழும் பெண், ஏளனம் செய்து சாபம் வாங்கியவர் என்று ஏதாவது ஒன்று. சொல்பவரின் திறமை இந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. குரலும் நினைவாற்றலும் அதற்குப் பிறகு.

இதைத் தெளிவாகக் காட்டுவது பாரதம். பங்குனியில் தொடங்கி ஆடி வரை இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். கொடியேற்றி, காப்புக் கட்டி, தலைக்கட்டு வரி வசூலித்து, பிரசங்கிக்கும் கூத்து வாத்தியாருக்கும் பாக்கு வைத்தாகிவிட்டால் பத்து முதல் பதினெட்டு, இருபது நாள் வரை ஊர் பாரதத்துக்குள் இருக்கும். மத்தியானம் பிரசங்கம், இரவு கூத்து.

பிரசங்கி வில்லிபாரதத்தை வைத்துச் சொல்கிறார். பாட்டு ஒன்றை இராகம் போட்டுப் பாடி, பதம் பிரித்து, பிறகு வசனமாக விரித்து, நடுவில் உள்ளூர் வழக்கொன்றை இழுத்து, மறுபடி பாட்டுக்குத் திரும்புவது அவர் முறை. பக்கத்தில் பாட்டெடுத்துக் கொடுக்க ஒருவர் இருப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எளிது. உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது: அன்றைய பிரசங்கம் எங்கே நிற்க வேண்டும் என்பதை இரவுக் கூத்து தீர்மானிக்கிறது. இரவு சூது துகிலுரிதல் என்றால், சாயங்காலத்துக்குள் பாண்டவர்களை அஸ்தினாபுரத்துச் சபை வாசலில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். முன்னாலேயே முடித்துவிட்டால் கூத்துக்கு ருசி போய்விடும், வழியில் தங்கிவிட்டால் இரவு கூட்டம் தடுமாறும். மழை, சாவு, தேர்தல் பிரசாரம் எது குறுக்கே வந்தாலும் இந்தக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டியவர் பிரசங்கிதான்.

பிறகு கூத்து. திரை பிடித்து, உள்ளிருந்து பாடி, கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமாக வேஷம் வெளிவருவதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது துகிலுரியும் இரவில் துச்சாதனன் வேஷம் கட்டுபவரை. புடவையில் கை வைப்பதற்கு முன் அவர் வேஷத்தை விட்டு ஒரு கணம் வெளியே வருகிறார். கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டு, ‘இது என் தொழில் தாயே, குற்றம் பொறுத்துக்கொள்’ என்கிற மாதிரி வேண்டிக்கொள்கிறார். மறுபடி உள்ளே போகிறார். இதைக் கண்டு நாடகம் கலைந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. அதற்குப் பிறகுதான் இறுக்கம் கூடுகிறது. நடிப்பவரே பயப்படுகிறார் என்றால் எதிரே நடப்பது வெறும் கதை இல்லை என்று கூட்டத்துக்குப் புரிந்துவிடுகிறது. திரௌபதி கண்ணனைக் கூவி அழைக்கும்போது முன்வரிசையில் யாருக்காவது சாமி வருவதும் உண்டு. அப்போது பின்பாட்டும் மிருதங்கமும் அந்த அம்மாள் தணியும் வரை அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அரங்கேற்றக் கச்சேரிகளில் இந்தப் பொறுமையைத் தேடினாலும் கிடைக்காது.

அர்ச்சுனன் தபசில் வேலை நேரடியானது. நடிகர் உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே ஈரப்புடவையோடு மடியேந்திக் காத்திருப்பார்கள். பகாசுரனுக்குச் சோற்று வண்டி ஊரைச் சுற்றி வரும். வீட்டுக்கு வீடு அதில் சோறு போடுவார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். துரியோதனன் மண்ணால் செய்த பேருருவமாகக் களத்தில் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிய, துரியோதனனுக்கு ஒப்பாரி வைக்கவும் ஆள் உண்டு. அடிபட்டவன் எதிரி என்பதற்காக ஒப்பாரியைக் குறைப்பதில்லை. பிறகு அந்த உருவத்து மண்ணை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மாலையில் தீமிதி.

இவ்வளவு கனத்தையும் தாங்கிக்கொண்டு கூட்டத்தை விடியும் வரை உட்கார வைப்பவன் கட்டியக்காரன். அரசனுக்குக் காவல்காரன், கூட்டத்துக்கு உறவுக்காரன். தருமர் சூதில் நாட்டை வைக்கும்போது, நம்மூர் பிரசிடெண்டு போன மாதம் என்ன வைத்தார் என்று கேட்க அவனுக்கு மட்டும் உரிமை. இரண்டு மணிக்குக் கண் சொருகும் வரிசையைப் பார்த்துவிட்டுச் சிரிப்புக் காட்சியை நீட்டவும், அழும் இடத்தில் வாயை மூடவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜமா என்கிற கூத்துக் குழுவில் நன்றாகப் பாடுகிறவர் நாலு பேர் கிடைப்பார்கள். நல்ல கட்டியக்காரன் ஒருவன் அமைவது வாத்தியாரின் அதிர்ஷ்டம்.

வாய்மொழிக் கலையை அளக்கப் பெயர்பெற்ற அளவுகோல் ஒன்று உண்டு. மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவியக் காவியப் பாடகர்களைப் பதிவுசெய்தார். அவர் மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் அதை நூலாக்கினார். பாடகன் மனப்பாடத்தை ஒப்பிப்பதில்லை, தயாராக உள்ள சொற்கட்டுகளை வைத்துப் பாடும்போதே காவியத்தை ஆக்குகிறான் என்பது அவர்கள் வாதம். கேட்கும் கூட்டம் நிலையாக உட்காராததால் பாட்டின் நீளமே மாறுகிறது என்பதையும் லார்ட் கவனித்தார். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் அது பாதிதான் பொருந்துகிறது. பிரசங்கியின் பாட்டு அச்சிட்ட வில்லி. அதில் ஓர் எழுத்து மாறக் கூடாது. வசனம் அவர் சொந்தம். கூத்தில் பாட்டும் விருத்தமும் வாத்தியார் சொல்லிக்கொடுத்தவை, வேஷங்களின் வாய்ச்சண்டையான தர்க்கம் பாதி அந்த இடத்திலேயே பிறப்பது. கட்டியக்காரனுக்கோ முழு விடுதலை. ஒரே கதைக்குள் கட்டுப்பாடும் விடுதலையும் இப்படி ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போடப்பட்டிருக்கின்றன.

இந்தத் துறையில் பெரிய நூல்கள் வெளியாரிடமிருந்து வந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆல்ஃப் ஹில்ட்பீட்டல் செஞ்சியை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாடு பற்றி 1988, 1991 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகள் தந்தார். ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் கூத்தை மகாபாரத அரங்காக எழுதினார். காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்தை ஹன்னா டி பிரைன் 1999இல் எழுதினார். அவரும் கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாக நடத்திய குருகுலம் பெண் பிள்ளைகளையும் வேஷம் கட்ட வைத்தது. தமிழில் ந. முத்துசாமி புரிசை என்ற ஊரின் கூத்தைப் பார்த்த பார்வை நவீன நாடகத்தையே திருப்பியது. இவ்வளவு இருந்தும் பிரசங்கி ஒரு கலைஞராக இவற்றில் எனக்கு அதிகம் அகப்படவில்லை. ஹில்ட்பீட்டலிடம் அவர் நிறையப் பேசுகிறார், ஆனால் தகவல் தருபவராகவே பேசுகிறார். அவர் மூச்சு எங்கே விடுகிறார், எந்தப் பாட்டைத் தாண்டிப் போகிறார் என்பதெல்லாம் எழுதப்படக் காத்திருக்கிறது.

பாரதம் தவிர இந்த வட்டாரத்துக்குச் சொந்தமான கதை தேசிங்குராஜன். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு மோதி இறந்த புந்தேல இராஜபுத்திர இளைஞன். செஞ்சியில் அவன் ஆட்சி ஓராண்டுகூட இல்லை. அவனுக்குத் தமிழும் இல்லை, தமிழனுக்கு அவனால் ஆன லாபமும் இல்லை. ஆனாலும் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சேறி, 1960இல் எம்.ஜி.ஆர். படமாகவும் ஆகும் அளவுக்குப் பாடப்பட்டான். உடன் மடிந்த முஸ்லிம் நண்பனும் குதிரையும் கதையில் அவனுக்குச் சமமான இடம் பெறுகிறார்கள். கல்யாணக் கோலத்தோடு போருக்குப் போகிற அந்த நண்பன் என்ற ஒரு கட்டம் போதும், ஊர்ப் பெண்கள் அவனையும் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்ள.

கதைக்குள் எல்லோருக்கும் இடம் உண்டு என்று எழுதிவிட்டால் பொய்யாகிவிடும். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் விழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த்துறை கோயிலை மூடி முத்திரையிட்டது. மறு ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பூசைக்காகத் திறந்தார்கள். சபை நடுவே ஒருத்தி அவமானப்பட்டு நியாயம் கேட்டதை ஆண்டுதோறும் கேட்டு அழும் மரபில் வந்த கோயில் அது. கேட்பவருக்கு வேலை கொடுக்கும் கலை, யாருக்கு வேலை கிடையாது என்பதையும் கூடவே தீர்மானித்துவிடுகிறது. வரி வாங்காத தெருவுக்குச் சோற்று வண்டி போகாது. சடங்கோடு பிணைந்த கதை என்று வியந்து எழுதுகிறவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) இந்த விலையைக் கணக்கில் எடுப்பது குறைவு.

அந்த வகையில் சடங்கை விட்டு வெளியே வந்த கதைசொல்லிகளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கி. ராஜநாராயணன் 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கரிசல்காட்டுக்காரர், பாடம் எடுப்பதைவிடக் கதை கேட்பதில்தான் ஆர்வம். மாணவர்களைக் கொண்டே புதுவை வட்டாரத்துக் கதைகளைத் திரட்டினார். அச்சில் ஏறக் கூச்சப்பட்ட கதைகளையும் விடவில்லை. 2021 மே மாதம் மறையும் வரை புதுச்சேரியே அவர் ஊரானது. திருவண்ணாமலையில் பவா செல்லத்துரை எழுத்தாளர்களின் சிறுகதைகளையும் நாவல்களையும் மணிக்கணக்கில் வாய்ப்பேச்சாகச் சொல்கிறார். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக். எந்தத் தெருக்காரரும் எந்த வரிசையிலும் உட்காரலாம். இது சின்ன விஷயமில்லை. குறை என்று சொன்னால், கேட்பவர் அங்கே முழுக்கவும் கேட்பவராகி விடுகிறார். கண் கலங்கலாம், கைதட்டலாம், புத்தகம் வாங்கலாம். கதை அவரை நம்பி நிற்காது.

கூத்தும் சடங்கை விட்டு வெளியே வந்ததுண்டு; புரிசைக் கூத்து பாரிசுக்கே போயிருக்கிறது. அரியான் மனுஷ்கினின் ‘தெயாத்ர் தியு சொலேய்’ குழு புதுச்சேரியில் தங்கி, புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் கற்று, 2016இல் ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்துக்குள் பாரதக் கூத்துக் காட்சிகளை வைத்தது. அந்தக் குழுவின் நடிகர்கள் தமிழில் பாடினார்கள். சென்னையில் பூங்காக்களிலும் கலைவிழாக்களிலும் கூத்துக்கு அரைமணி கிடைத்தால் பெரிது. இரண்டில் பாரிசுக்காரர்கள் கூத்துக்கு அதிக நேரம் கொடுத்தார்கள் என்பது நமக்குக் கொஞ்சம் உறைக்க வேண்டும். அரைமணியில் கிரீடமும் கிறுக்கிச் சுழற்சியும் தெரியும். துச்சாதனன் கற்பூரம் ஏற்ற நேரம் இருக்காது.

ஊர்களிலும் நாட்கள் சுருங்குகின்றன. பதினெட்டு பத்தாகிறது, பத்து ஐந்தாகிறது. ஓர் இரவு பாட்டுக் கச்சேரிக்குப் போய்விடுகிறது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று விழாக்குழு உட்கார்ந்து பேசும்போது தபசு மரத்தையும் படுகளத்தையும் யாரும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை, அவற்றில் ஊருக்கு வேலை இருக்கிறது. வெட்டு முதலில் விழுவது உட்கார்ந்து கேட்க வேண்டிய இரவுகளின் மேலும், மத்தியானப் பிரசங்கத்தின் மேலும். நகரத்தில் வெறுமனே கேட்பதற்குக் கூடம் நிறைகிற அதே காலத்தில், பிரசங்கி வேப்பமர நிழலில் பத்துப் பன்னிரண்டு கிழவர்களுக்கும் பள்ளி விடுமுறைப் பிள்ளைகளுக்கும் வில்லியின் பாட்டைப் பதம் பிரித்துக்கொண்டிருக்கிறார். இரவு கூத்து எங்கே தொடங்கும் என்று தெரிந்துதான், சரியாக அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்.