கைத்தொலைபேசியும் கற்றலும்: ஒரு விமர்சன நோக்கு

கல்விக்கருவியொன்று கைக்கு வருதல் வேறு. அக்கருவிக்கேற்பப் பாடம் அமைதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே கைத்தொலைபேசிவழிக் கற்றல் பற்றிய கருத்தாடல்களிற் காணப்படும் அடிப்படைக் குறைபாடாகும்.

ஈழத்துக் கல்வி வரலாற்றிலே இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், அச்சுக்கூடமொன்றையும் அமைத்தார். ஏட்டிலிருந்ததை அப்படியே தாளிற் பதிப்பதோடு அவர் பணி நின்றுவிடவில்லை. மாணாக்கரின் படிநிலைக்கேற்பப் பாலபாடங்கள் எழுதப்பட்டன, பெரியபுராணம் வசனமாக்கப்பட்டது, வாக்கியங்கள் நிறுத்தக்குறிகளால் ஒழுங்குபெற்றன. அச்சியந்திரம் மேனாட்டாரிடமிருந்து வந்தது. அதற்குரிய தமிழ்ப்பாடமோ இங்கேயே ஆக்கப்பட வேண்டியிருந்தது.

கைத்தொலைபேசியைப் பொறுத்தவரை அத்தகைய ஆக்கம் இன்னும் போதியளவு நிகழவில்லை. 2020 மார்ச்சிற் கொரோனாத் தொற்றினால் இலங்கையின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, கற்பித்தல் சூம், வட்ஸ்அப் முதலியவற்றுக்கு இடம்பெயர்ந்தது. கருவியில்லாதோரும் அலைவரிசை கிட்டாதோரும் பின்தள்ளப்பட்டமை அன்று பரவலாகக் கண்டிக்கப்பட்டது. அக்கண்டனம் நியாயமானதே. ஆயின், கருவியுடையோர் பெற்றது யாது என்ற வினா அதே அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை. மண்டபத்தில் வாசிக்கப்பட்ட விரிவுரைக் குறிப்பே பல இடங்களில் திரையிலும் வாசிக்கப்பட்டது. மீண்டும் கேட்கத்தக்க ஒலிப்பதிவு, இடைநிறுத்திச் சிந்திக்கும் வாய்ப்பு, வகுப்பிற் பேசத் தயங்குவோர் எழுதி வினவும் வசதி ஆகிய கருவியின் தனியியல்புகள் பாட அமைப்பினுட் கொணரப்பட்டமை அரிது.

மின்னூலகப் பயன்பாட்டிலும் இந்நிலையைக் காணலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் ஆற்றிவரும் பணி மதிப்பிடற்கரியது. ஆயினும் அங்குள்ளவை பெரும்பாலும் அச்சுப்பக்கங்களின் படங்களே. உள்ளங்கையளவு திரையில் ஒரு வரியை வாசிப்பதற்குப் பக்கத்தைப் பெருப்பித்து, இடமும் வலமும் நகர்த்த வேண்டியுள்ளது. படத்தினுள் உள்ள சொல்லைத் தேடுதலும் எளிதன்று. தட்டச்சிடப்பட்ட ஆவணங்களிலும் இடர்ப்பாடு உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்தவை ஒருங்குறித் தேடலுக்கு அகப்படா. ‘மரம்’ எனத் தேடுவோருக்கு ‘மரத்தை’, ‘மரத்தின்’ என்பன எளிய சொற்றேடலில் தோன்றா. இதனால், தேடலிற் சிக்காததை இல்லாததெனத் துணியும் ஆய்வுப்பழக்கம் உருவாகின்றது. பட்டப்படிப்பு ஆய்வேடுகளைப் பொறுத்தவரை இது சிறு குறையன்று. முன்னோர் விரிவாக எழுதிச்சென்ற பொருளொன்று எவராலும் ஆராயப்படாததெனப் பதிவாகிவிடும்.

இதற்கு ஆவணகத்தைக் குறைகூறுதல் பொருந்தாது. பாதுகாத்தல் அதன் கடன்; பாதுகாக்கப்பட்டதைப் பாடமாக்குதல் பல்கலைக்கழகத்தின் கடன். தமிழ்த்துறை ஒவ்வொன்றும் பதிப்புரிமை நீங்கிய நூல்களிலிருந்து ஆண்டுக்கு ஒன்றையேனும் தெரிந்து, ஒருங்குறியில் மெய்ப்புப்பார்த்து, சிறு பகுதிகளாக வகுத்து, அருஞ்சொற்பொருளும் வினாக்களும் சேர்த்து வெளியிடுதல் இயலாத காரியமன்று. அப்பணியில் ஈடுபடும் மாணவர் பதிப்புப் பயிற்சியும் பெறுவர். அது மேற்கொள்ளப்படும்வரை, கைத்தொலைபேசி நூல்களைச் சுமக்கும் பெட்டகமாக இருக்குமேயன்றிக் கற்பிக்கும் கருவியாகாது.